இரண்டாவது தோட்டா ஏறாத துப்பாக்கி

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது ஏறவில்லை.

ஹோய்ட் விசையை மறுபடி அமுக்கினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மண்மேட்டில் சாய்த்து வைத்திருந்த பலகையில் ஒரே ஒரு ஓட்டை. வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு அவன் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே சோம்பேறித்தனமாக விழுந்து கிடந்தது.

"சனியனே" என்றான் துப்பாக்கியைப் பார்த்து. காலையிலிருந்து அதை எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

குளத்துக்குப் பின்னால் இருக்கும் பதினைந்து ஏக்கரில் இந்த வருடம் இது மூன்றாவது விதைப்பு. முதல் இரண்டையும் காட்டுப்பன்றி தின்றுவிட்டது. கடலை விதைத்த நிலத்தில் பன்றி இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்காதவனுக்குச் சொன்னால் நம்பமாட்டான். அங்குமிங்கும் கிளறாது. வரிசையின் தலைப்பில் மூக்கை வைக்கும், நூல் பிடித்த மாதிரி கடைசி வரை போகும், ஒவ்வொரு விதையாகத் தோண்டி மென்று தின்னும். திரும்பி அடுத்த வரிசைக்கு வரும். விதைக்கிற இயந்திரம்கூட அவ்வளவு நேராகப் போகாது. வெடிச்சத்தம் போடும் கியாஸ் பீரங்கி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் ஒரு பன்றி அதன் மேலேயே முதுகைச் சொறிந்துகொண்டு நின்றது.

இன்று காலை மண்ணுக்குள் போட்டதுதான் கடைசி விதை. விதைக்காரன் கையை விரித்துவிட்டான். ஜூன் பிறந்தபின் விதைத்தால் அலபாமா வெயிலுக்கு அது காயாகாது, கொடியாகத்தான் கிடக்கும். புதிதாகக் கிளறிய மண்ணின் வாசம் ஆற்றோரச் சதுப்பு வரை போயிருக்கும். வெயில் தாழ்ந்ததும் வந்துவிடும்.

அவனிடம் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துவிட வேண்டும். அதில் ஒன்றைச் சாய்ப்பதற்குள் மற்ற இருபதும் சதுப்புக்குள் போய்விடும். அதனால்தான் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து இதைக் கட்டினான். ஒன்று வெடித்தால் அந்தப் புகையின் வேகமே போல்ட்டைப் பின்னால் தள்ளி, வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிட வேண்டும். கடையில் கட்டி வைத்ததை வாங்கியிருக்கலாம். எவனோ முகம் தெரியாதவன் முடுக்கிய ஆணியை ஹோய்ட் எப்படி நம்புவான்? குழல் ஒரு கம்பெனி, போல்ட் ஒரு கம்பெனி, மற்றது இன்னொரு கம்பெனி என்று தபாலில் வரவழைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தானே பூட்டினான். பழைய துப்பாக்கியின் தோட்டாவே இதற்கும் சேரும்படி அதே அளவில் கட்டினான். அவன் கையால் வெடிமருந்து அடைத்த தோட்டா காபி டப்பாக்களில் ஒரு அலமாரி நிறைய இருந்தது.

காலையில் போல்ட் அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டான். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"கூடு வெளிய வருதா சார்?"

"வருது. அடுத்தது ஏறல. உங்க போல்ட்டு சரியில்ல."

"என்ன தோட்டா சார் போடுறீங்க?"

"நல்ல தோட்டா."

"எந்தக் கம்பெனி?"

"என் கம்பெனி. என் கொட்டகையில நானே அடைச்சது."

"சரி சார். கடையில வாங்குனது ஒரு பெட்டி போட்டுப் பாத்தீங்களா?"

"நான் கேட்டது உன் போல்ட்டைப் பத்திம்மா. என் தோட்டாவைப் பத்தி யாரும் கேக்கல. நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து அடைக்கிறேன்." போனை வைத்துவிட்டான்.

மத்தியானம் லமார் வந்தான். ஹோய்ட்டின் மனைவி ஓலீனுக்குத் தம்பி. டோத்தன் போகும் சாலையில் புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்க்கிறவன். வாய் ஓயாதவன். செல்போனில் எல்லாவற்றுக்கும் வீடியோ பார்க்கிறவன். இந்த மூன்றும் ஹோய்ட்டுக்குப் பிடிக்காது. ஆனாலும் வரச் சொல்லி அனுப்பியது ஹோய்ட்தான்.

"என்ன மச்சான், குளிர்காலம் பூரா உக்காந்து ஒத்தை வெடி வாணம் செஞ்சிருக்கியாமே?"

"சிரிக்க வந்தியா, பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். பெட்ரோல் செலவு பண்ணிட்டு வந்திருக்கேன்ல."

முதலில் மேகசினை மாற்றினார்கள். தோட்டாவை மேலே தள்ளும் தகரப் பெட்டி அது. லமாரின் பெட்டியைப் போட்டும் அதே 'டிக்'. எண்ணெய் விட்டார்கள். 'டிக்.' புகை வரும் சிறு குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அது சுத்தமாக இருந்ததே ஹோய்ட்டுக்கு எரிச்சல். அழுக்காவது இருந்திருந்தால் காரணம் கிடைத்திருக்கும். குழலும் குழாயும் சேரும் இடத்தில் ஓட்டைக்கு ஓட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது. கழற்றும்போது குழாயை இறுக்கும் மயிர்க்கனத்து ஆணி ஒன்று துள்ளி மரத்தூளுக்குள் விழுந்தது. இரண்டு பேரும் நாலு காலில் தேடினார்கள்.

ஓலீன் சோளரொட்டியும் பட்டர் பீன்ஸும் கொண்டுவந்து வைத்தவள், மேலே தூக்கி நின்ற இரண்டு பிட்டங்களையும் பார்த்தாள்.

"சாமி கும்புடுறீங்களா?"

"ஆணி தேடுறோம்க்கா."

"ஹோய்ட், எங்கண்ணன்கிட்ட சொன்னா ட்ராக்டரைக் கொண்டாந்து அங்கேயே நிறுத்திட்டுக் காவல் காப்பான். மண்ணுல இருக்கறது கடைசி விதை."

"உங்கண்ணன் ட்ராக்டர்லயே தூங்கிருவான். பன்னி அவன் செருப்பையும் தின்னுட்டுப் போகும். நீ போ."

அவள் போகவில்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் கோழிப் பண்ணையில வேலைக்குப் போறேன். சொல்லிட்டேன்." கோழிப் பண்ணை என்றால் கோழி வெட்டும் ஆலை. நாளெல்லாம் குளிர் அறையில் நின்றபடி வேலை. அவள் முழங்கால் நிலைமை அந்தக் கொட்டகையில் இருந்த மூவருக்கும் தெரியும். இருவரும் மறுபடி மரத்தூளைத் துழாவினார்கள். லமார்தான் ஆணியைக் கண்டுபிடித்தான்.

பூட்டி மறுபடி சுட்டார்கள். கூடு மறுபடி ஹோய்ட்டின் காலடியில் விழுந்தது. லமார் குனிந்து அதை எடுத்து விரலில் உருட்டினான்.

"மச்சான், இது எங்க விழுது பாத்தியா? உன் கால்ல. நல்ல துப்பாக்கின்னா கூட்டை அந்தத் தண்ணிக் குழாய் வரைக்கும் வீசும். இது ஏதோ எச்சி துப்புற மாதிரி துப்புது. தெம்பு பத்தல."

"போல்ட்டைத் தள்ளுற ஸ்பிரிங்கு பெலமா இருக்கு. அதான்."

"ஸ்பிரிங்கா இருக்கலாம். என்ன தோட்டா போடுற?"

ஹோய்ட் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அதிலேயே லமாருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அந்தப் போன்காரப் பொண்ணும் நீயும் ஒரே பள்ளிக்கூடமா?"

"கேட்டதுல என்ன தப்பு?"

"இதே டப்பாத் தோட்டாவுல எத்தனை மான் அடிச்சிருக்கேன். உன் வீட்டு ஃப்ரிட்ஜுலயும் அந்தக் கறிதான் இருக்கு. ஒண்ணாவது வெடிக்காம போயிருக்கா? கடைத் தோட்டா என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும். தோட்டாவுக்கே பஞ்சம் வந்த அந்த வருஷத்துல, ஆளுக்கு ஒரு பெட்டின்னு வரிசையில நிக்க வெச்சு குடுத்தானே, அதுல ரெண்டு புஸ்ஸுன்னு போச்சு. அதுக்கப்புறம் அந்தக் குப்பையை என் வீட்டு வாசப்படி ஏத்தல. ஏத்தவும் மாட்டேன்."

"சரிப்பா. நான் கேக்கல. நீ பொண்டாட்டிய சந்தேகப்பட்டாலும் படுவ, அந்த டப்பாவை மட்டும் சந்தேகப்பட மாட்ட."

"ஸ்பிரிங்கை மாத்து."

லமார் வண்டியிலிருந்து இளகிய ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வந்து மாட்டினான். வரும்போது கால்சட்டைப் பையில் எதையோ திணித்துக்கொண்டான். ஹோய்ட் பார்க்கவில்லை. இளகிய ஸ்பிரிங்கோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தொடர்ந்து வெடித்தது. ஐந்தாவது 'டிக்'.

"ஆச்சு, சரியாயிருச்சு" என்றான் ஹோய்ட்.

"அஞ்சாவது?"

"அஞ்சாவது என் கை நடுங்கிருச்சு. சரியாயிருச்சுன்னா சரியாயிருச்சு."

அவனுக்கே அது பொய் என்று தெரியும். மணி ஐந்தரை ஆகியிருந்தது.

குளத்தங்கரையில் விழுந்து கிடந்த சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். கொசு பிடுங்கியது. வரிசை வரிசையாக மண் சிவப்பாகக் கிடந்தது. சூரியன் மரத்தலையைத் தொட்ட நேரத்தில் இரண்டு இளம் ஆண் பன்றிகள் சதுப்பு ஓரத்துப் புதரிலிருந்து வந்தன. எப்போதும் இரண்டு மூன்று இப்படித்தான் முன்னால் வரும். பெரிய கூட்டம் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஹோய்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சுட்டான். ஒன்று விழுந்தது. இரண்டாவது திகைத்து நின்றது, தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

'டிக்.'

அது குதித்துப் புதருக்குள் போயிற்று. ஹோய்ட் வாய்க்குள்ளேயே ஒரு வசவை மென்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொசுவால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"பெருசுங்க இன்னும் உள்ளதான் இருக்கு" என்றான் லமார், காற்றுக்கும் கேட்காத குரலில். "சத்தம் அதுங்களுக்குப் பழகிருச்சு. வரும்." பையிலிருந்து கையை எடுத்து விரித்தான். உள்ளங்கையில் பளபளவென்று தோட்டாக்கள். "கடைத் தோட்டா. போன வாரம் எனக்காக வாங்குனது. உனக்குத் திட்டணும்னா நாளைக்கு வந்து திட்டு. இன்னிக்கு போடு."

"வேணாம்."

"மச்சான்."

"வேணாம்னு சொல்றேன்ல."

லமார் கையை மடக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கொசு அவன் மணிக்கட்டில் உட்கார்ந்து வயிறு நிறையக் குடித்தது. அதையும் அடிக்கவில்லை.

தூரத்தில் புதர் அசைந்தது. கிழட்டுப் பெண் பன்றி முன்னால் வந்தது, அதன் பின்னால் கறுப்பாகக் கூட்டம். குட்டிகளும் பெரிசுகளும். முதல் வரிசையின் தலைப்புக்கு வந்து மூக்கை இறக்கியது. அடுத்தது அடுத்த வரிசையில் இறக்கியது. யாரோ இடம் ஒதுக்கிக் கொடுத்தது போல் வரிசைக்கு ஒன்றாக நின்றன. மண்ணைக் கிளறும் சத்தமும், அதன்பின் நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தமும் ஹோய்ட்டின் காது வரை வந்தன. கடைசி விதை அது. ஓலீனின் முழங்கால் அது.

மேகசினை உருவினான். தன் தோட்டாக்களைக் கட்டைவிரலால் தள்ளிப் புல்லில் கொட்டினான். லமாரின் கையைப் பார்க்காமலே அதிலிருந்து எடுத்து எடுத்து அடைத்து, மேகசினை மாட்டி, போல்ட்டை ஒருமுறை கையால் இழுத்துவிட்டான்.

முதல் வெடியில் துப்பாக்கி தோளில் இடித்தது. அந்த இடியிலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. வருடக்கணக்காக அவன் தோள் பழகியிருந்த இடி இல்லை அது. கிழட்டுப் பன்றி விழுந்தது. போல்ட் தானாகப் போய் வந்தது. அடுத்தது. அடுத்தது. வெறுங்கூடுகள் விசிறிப் பறந்தன. ஒன்று லமாரின் தொப்பியில் பட்டு அவன் "ஐயோ" என்றான். ஓடுகிற பன்றியின் முன்னால் குறி வைத்து, மறுபடி மறுபடி. ஒருமுறைகூட 'டிக்' இல்லை. தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னால் போய் வாயைத் திறந்து நின்றது. அது அப்படி நின்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

வயலில் ஆறு கிடந்தன. மற்றவை ஆற்றுப்பக்கம் முள்ளையும் புதரையும் உடைத்துக்கொண்டு ஓடின.

ஹோய்ட் எழுந்திருக்கவில்லை. இப்போதுதான் அது அவன் நினைவுக்கு வந்தது. அந்தப் பஞ்ச வருடத்தில் மருந்து எங்கும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே டின்னை நீட்டிக்க வேண்டும் என்று, மருந்து அளக்கிற கருவியின் திருகாணியை ஒரு சுற்று குறைத்து வைத்தான். அந்தக் குறைந்த மருந்துக்கும் மான் விழுந்தது. அதனால் போதும் என்று விட்டான். பஞ்சம் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. திருகாணியை யாரும் திருப்பி வைக்கவில்லை. பழைய துப்பாக்கிக்கு அது தெரியாது. அங்கே போல்ட்டை இழுத்தது மருந்தின் வேகம் இல்லை, அவன் கை. அலமாரி நிறைய இருந்த டப்பாக்கள் அத்தனையும் அரைப்பட்டினித் தோட்டா. ஒரு நாள் முழுக்க மூன்று கம்பெனியையும் ஒரு பெண்ணையும் லமாரையும் ஒரு ஸ்பிரிங்கையும் திட்டியிருக்கிறான்.

வரிசைகளை நடந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் பத்துப் பன்னிரண்டு அடிக்கு விதை போயிருந்தது. மீதி மண் கலையாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஓலீன் சமையலறை வாசலிலேயே நின்றாள். வெடிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்.

"வரிசையா வெடிச்சுதே. விதை?"

"இருக்கு" என்றான் ஹோய்ட். நாற்காலியில் விழுந்தான்.

அவள் அடுப்பிலிருந்த ரொட்டியை இறக்கினாள். பிறகு தட்டுகளை எடுத்து வைத்தாள். "அப்ப காலையிலேருந்து அதுக்கு என்னதான் கேடு?"

லமார் ரொட்டியைப் பிய்த்தபடி, ஹோய்ட்டைப் பார்க்காமல், "ஸ்பிரிங்குக்கா. கம்பெனிக்காரன் தப்பான ஸ்பிரிங்கு அனுப்பிட்டான். மாத்துனதும் ஓடுது" என்றான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஹோய்ட்டுக்கு அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும்விட அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கேலியெல்லாம் தேவலாம் என்று இருந்தது.

"வாயை மூடு லமார். ஸ்பிரிங்கும் இல்ல மண்ணும் இல்ல. மருந்து கம்மி. நான் அடைச்சது." தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "அலமாரியில இருக்கறது பூராவும் கம்மி."

ஓலீனும் லமாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லமாரின் உதடு துடித்தது. சிரிக்க வந்ததைச் சோளரொட்டியால் அடைத்துக்கொண்டான்.

"ஓடுனதுங்க ரெண்டு நாள்ல திரும்பி வரும்" என்றான் ஹோய்ட், தட்டைப் பார்த்தபடியே. "காலையில டோத்தன் போறப்ப அதே தோட்டா ரெண்டு பெட்டி வாங்கிட்டு வா. பிரிச்சுப் பாத்து வாங்கு. கடைக்காரனுங்களை நம்பாத."