வடு என்றும் மச்சம் என்றும்

மழை விட்ட காலை. ஜன்னலில் சரிந்த இளவெயில் இதழினியின் முதுகில் விழுந்தது. முதுகிலும் தோளிலும் பழுப்பு மச்சங்கள். ஒன்பது. பால் கலந்த டீயின் நிறம்.

“எம்மக மச்சக்காரில்லா!” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவள் அப்பா கோமதிநாயகம். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பிரஷராம். கேட்டதுண்டா எங்காவது?

டாக்டரம்மா மச்சங்களை எண்ணினார். பிறகு நிமிர்ந்தார். “வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்காம்மா?”

செண்பகவல்லி ரவிக்கையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். பெற்றவள் அவள். அவள் கைகளிலும் இதே பழுப்பு, இதே டீ நிறம்.

பெண் பார்க்க வந்த அன்று சொன்ன பொய். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய வடு என்றாள். கோமதிநாயகம் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? பாவம் என்று பனிக்காலமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார், அந்த மனுஷன்.

அம்மாவுக்கு வடு. மகளுக்கு மச்சம். ஒரே வீட்டில் ஒரே நோய்க்கு இரண்டு பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை அவள்.

போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியிலும் இதையே கேட்டார்கள். “யாருக்கும் இல்ல” என்றாள். தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் முழுக்கப் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. சீ, நானெல்லாம் ஒரு தாயா?

“இந்த மச்சம் பரம்பரையா வர்ற நோயோட அடையாளம்னா, அபூர்வமா சிலருக்கு ரத்தக்குழாய் சுருங்கிப் போகும்மா. கிட்னிக்குப் போற குழாய் சுருங்குனா பிரஷர் ஏறும். விட்டா மூளைக்கே ஆபத்து. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

செண்பகவல்லி முழுக்கை ரவிக்கையை மேலே இழுத்தாள். இறுக்கமான கை. ஏற மறுத்தது. தையல் பிரிய இழுத்தாள்.

“எனக்கு இருக்கு டாக்டர். வெந்நீயும் கொட்டல, ஒண்ணும் கொட்டல. பிறவியிலயே இருக்கு.”

டாக்டரம்மா உடனே போனை எடுத்தார். ஸ்கேன் இன்றைக்கே. சுருக்கம் இருந்தால் குழாயை விரித்துவிடலாம், இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றார். அந்த வார்த்தையில் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் கணவரின் முகத்தில் நின்றது. அவர் திட்டவில்லை. “நான் எண்ணெ தடவுனேனே, செண்பகம்” என்றார். அவ்வளவுதான். அதற்கு அறைந்திருக்கலாம்.

இதழினி அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

“அம்மா, என்கிட்ட யாராவது கேட்டா, நானும் வெந்நீ கொட்டிட்டுன்னு சொல்லணுமா?”