தட்டில் கொட்டிய டீ

சம்யுக்தா துபாயில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவள். ஒன்பது வருட அனுபவம். எந்த அடுப்படியிலும் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு. அன்று ஒரு யூத டெலிக்கு வந்திருந்தாள். உப்பிலும் மிளகிலும் ஒரு வாரம் ஊறிப் புகையில் வெந்த மாட்டிறைச்சியை மெல்லிசாக அரிந்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் கடை. இறைச்சி இருக்கும் அடுப்படிக்குள் பால் நுழையக் கூடாது என்பது அவர்களுடைய மத விதி. காலையிலேயே அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

உள்ளே இறைச்சி அரிகிற சேதுபதி கமுதிப் பக்கத்துக்காரர் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடையில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் போடும் கரக் டீ வாங்கிக்கொண்டு நேரே அவர் மேசைக்கே போய்விட்டாள். டீயைப் பால் என்று நம்மில் யார் நினைக்கிறோம்?

“ஐயோ மேடம், டீயா!” சேதுபதி பதறித் தடுக்க, கை பட்டு, தட்டில் அரிந்துவைத்த கறியின் மேல் பாதி டீ கொட்டியது.

விதிகளைக் கண்காணிக்கும் எலியேசர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சேதுபதிக்கு வேலை போய்விடும். கூட வேலை பார்த்த, போன மாதம் தயிர்சாதம் கொண்டுவந்த சுரேஷ்குமாருக்கு அப்படித்தான் போனது.

“துடைச்சிடலாம் அண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?”

சேதுபதி அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்திருந்தது. “நான் இந்தக் கறிய வாயில வச்சதே இல்ல மேடம். நமக்கு ஆகாது. ஆனா வெளிய உக்காந்திருக்கவுக என் கைய நம்பித்தான திங்கிறாக.”

சொல்லிவிட்டு எலியேசரைக் கூப்பிட்டார்.

எலியேசர் கறியைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். யார் கொண்டுவந்தது என்று கேட்டார். சேதுபதி வாயே திறக்கவில்லை. அவளைக் கைகாட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சம்யுக்தாவுக்கு.

“நான்தான்” என்றாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எலியேசர் கத்தவில்லை. கறி முழுவதும் குப்பைக்குப் போனது. கத்தியையும் பலகையையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கடையை மூடச் சொன்னார். சேதுபதியிடம், “நாளைக்கு ஆறு மணிக்கு டியூட்டி” என்றார், அவ்வளவுதான். சேதுபதி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த சம்யுக்தா, புகை மணத்தைப் பற்றி முன்கூட்டியே அழகாக எழுதிவைத்திருந்த ஆரம்பத்தை அழித்தாள். பிறகு எழுதினாள்: ‘இந்தக் கடையில் இன்று மதியம் யாருக்கும் சாப்பாடு கிடைக்கவில்லை. காரணம் நான்.’