பவளத்துக்கு ஏற்ற வெளிச்சம்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் உடம்பில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. என்னுடையது மஞ்சள். நெற்றியிலிருந்து வரும், பேப்பர் படிக்கப் போதும், ஊசியில் நூல் கோக்கப் போதாது. என் மனைவி தமயந்திக்கு வெள்ளை. கல்யாணமான நாளிலிருந்து வெளிச்சத்தை வைத்து எங்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை. பவளம் வாங்கிய பிறகுதான் வந்தது.

கூடத்தில் சின்னக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர் ஊற்றி, மணல் பரப்பி, நடுவில் ஒரு பாறைத் துண்டின் மேல் பவளத்தை வைத்தோம். உள்ளங்கை அளவுதான். விற்றபோதே கடைக்காரர் சொல்லியிருந்தார்:

"இது வெளிச்சத்தைத்தான் சாப்பிடும். பல்பு போட்டு ஏமாத்த முடியாது. வீட்டு ஆளுங்கதான் பக்கத்துல உக்காரணும்."

ஆபீசுக்கு லீவு போட்டு, நெற்றியைத் தொட்டிக்கு நேராக வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பவளம் திறக்கவில்லை. கண்ணாடியெங்கும் பாசிதான் பிடித்தது. தமயந்தி உட்கார்ந்தாள். பவளம் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியது.

கடைக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். "மஞ்சளுக்குப் பாசிதான் வளரும். அம்மாவோட வெள்ளை ரொம்பக் காட்டம். நீலமா யாராவது தெரியுமா?"

தமயந்தி யோசிக்கவே இல்லை. "மாடி வீட்டு ஜெயசீலன் சார் நீலம்தான்" என்றாள்.

ஜெயசீலனுக்கு வெளிச்சம் தோளிலிருந்து வருவது. அவர் எப்போதும் கனத்த முழுக்கைச் சட்டைதான் போடுவார். இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே வந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு பனியனோடு தொட்டியருகே உட்கார்ந்தார். கூடம் முழுக்க நீலம் பரவியது. மதியத்துக்குள் பவளம் விரல்களையெல்லாம் நீட்டிவிட்டது. பச்சையும் ஊதாவுமாக அது அசைவதைப் பார்த்துத் தமயந்தி கை தட்டினாள்.

"முதல் நாளே ரொம்பக் கிட்ட வேண்டாம் சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

அவர் தள்ளி, அவள் பக்கமாக உட்கார்ந்தார்.

அதன்பின் தினமும் வந்தார். அவருக்கென்று உளுந்து வடை சுட்டாள். கொஞ்ச நாளில் 'சார்' போய்விட்டது. "ஜெயசீலன், இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று அவள் கேட்பது சமையலறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. என் வயிறு எரிய ஆரம்பித்தது.

முதலில் மிளகாய்த் தூள் என்று நினைத்தேன். பிறகு பேப்பரில் எழுத்துகள் நீலமாகத் தெரிந்தன. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றி நீலம், ஜெயசீலனுடையதைவிட ஆழமானது.

தண்ணீர் எடுக்க வந்த தமயந்தி பார்த்தாள். "என்னங்க, வயிறு எரியுதா?"

"ஆமா."

"நல்லா எரியுதே! தொட்டிகிட்ட வந்து உக்காருங்க."

பவளம் என் பக்கம் சாய்ந்தது. சாயங்காலத்துக்குள் புது மொட்டுகள் விட்டது. ஜெயசீலன் சட்டைப் பொத்தான்களை மெதுவாகப் போட்டுக்கொண்டார். "எனக்கு இந்த அளவு வராது சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. வயிறு குளிர்ந்து வெளிச்சம் மங்கியது. பவளம் மறுபடி மூடிக்கொண்டது. தமயந்தி மாடிக்குப் போய் அவரைக் கூட்டி வந்தாள்.

இப்போது நான் தொட்டியருகே உட்காருகிறேன். அவர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர் என்ன சொன்னாலும் அவள் சிரிக்கிறாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பவளத்துக்காகத்தாங்க" என்கிறாள். ஒருநாள்கூட அதைச் சொல்ல மறந்ததில்லை. அதைக் கேட்டதும்தான் வயிறு நன்றாகப் பற்றிக்கொள்கிறது.

பவளம் தொட்டி நிறைய வளர்ந்துவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தது. திறந்தால், வாசலில் கடல் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாகத் தொட்டியை எட்டிப் பார்த்தது.

"எங்கிட்ட இருந்தப்ப இவ்வளவு நிறமா இல்லையே" என்றது. அதன் நடுப்பகுதி நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

தமயந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. ஈரக் காலை மட்டும் மிதியடியில துடைச்சிட்டு வாங்க."

கடல் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தது.