பைக்குள் ஒளிர்ந்த போன்

தாய்மாமா சிறையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அவளால் கதவுக்கு முதுகு காட்டி நிற்க முடியவில்லை. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் ஈர விரிப்பை இருவர் பிடித்து உதறி, உலர்த்தித் தேய்க்கும் சூடான உருளைக்குள் விட வேண்டும். எதிரே நிற்பவளிடம் சொல்லி இடத்தை மாற்றிக்கொண்டாள். அப்படியும் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். விரிப்புகள் கோணிக்கொண்டு போய்ச் சுருண்டு வந்தன.

எதிரே நின்றவள் ஒல்லி உடம்புக்காரி, குத்துகிற வாய். பட்டப்பெயர் குண்டூசி.

"உங்கம்மா வர்றாங்கடி. மூஞ்சில அரைக் கிலோ பாசம் அப்பியிருக்கு. பாத்துக்க."

அம்மா கைப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். அழுக்குத் துணி மூட்டைகளின் மறைவில் இருவரும் நின்றார்கள்.

"உன் மாமன் உன்கிட்ட வரக்கூடாது, பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காங்கல்ல, அத எடுக்கலாமான்னு கோர்ட்டுல உன்னக் கேக்கப்போறாங்க. நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா அவன் வீட்டுக்கு வந்துருவான்."

"எந்த வீட்டுக்கு? நான் படுக்கிற வீட்டுக்கா?"

"கூடப் பொறந்தவன்டி. எவன் ரூம்லயோ ஒண்டிக்கிட்டு, எளைச்சுத் துரும்பாப் போயிட்டான்."

"நான் அப்ப சின்னப் புள்ளம்மா. நான் எளைச்சத நீ பாத்தியா?"

அம்மா பையை முன்னால் நகர்த்தினாள். "சரின்னு சொல்லு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

உருளையின் இரைச்சலுக்காகத்தான் சத்தமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று அவள் நினைத்தாள். பிறகுதான் பையின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே வெளிச்சம். கையை விட்டு எடுத்தாள். போனில் 'தம்பி' என்றிருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் பேசமாட்டான்டி. கேட்டுக்கிட்டு மட்டுந்தான் இருக்கான். வாயத் தொறக்காம இருந்தா அதுல என்ன தப்பு?"

அம்மா அதை நம்பியே சொன்னாள். போனுக்குள் ஒரு செருமல். சின்ன வயதில் அவள் அறைக்கதவுக்கு வெளியே கேட்ட அதே செருமல்.

அவள் போனை அணைக்கவில்லை. அதை அம்மாவின் கையிலேயே வைத்துவிட்டு, தன் போனை எடுத்து, வழக்கைக் கவனிக்கும் பெண் போலீஸைக் கூப்பிட்டாள்.

"மேடம், அவரு இப்ப லைன்ல இருக்காரு. என்கிட்ட நேரா இல்ல, இன்னொருத்தர் மூலமா. ஆள் விட்டும் பேசக்கூடாதுன்னு உத்தரவுல இருக்குல்ல?"

அம்மாவின் போனில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. பெண் போலீஸ் கேட்டார்: "யாரு போன்லேர்ந்து?"

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கண் தளும்பியது. அந்தக் கண்ணீர் யாருக்காக என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்கம்மா போன்லேர்ந்து."

அம்மா பையை மூடாமலே வெளியே நடந்தாள். அவள் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். குண்டூசி விரிப்பின் முனையை நீட்டினாள்.

"ராத்திரி எங்கடி படுப்ப?"

"எங்க வீட்டுலதான். நான் எதுக்குப் போகணும்?"

விரிப்பைப் பிடித்து உதறினாள். கண் மறுபடியும் கதவுக்குப் போனது.