வலது இடுப்பிலும்

சௌந்தரவல்லிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. முதுகில் போட்ட ஊசி எல்லாவற்றையும் மரக்கச் செய்திருந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. முகத்துக்கு முன்னால் கட்டியிருந்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம், அவளுடைய இடது இடுப்பெலும்பை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மேசை அதிர்ந்தது.

அம்பகரத்தூரில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள் அவள். போன வருடம் சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் ஸ்கூட்டி வழுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துப் பதினொரு மாதமாகியும் எலும்பு கூடவில்லை. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பெடுத்து முறிந்த இடத்து இடைவெளியில் வைத்தால் கூடும் என்று காரைக்காலில் டாக்டர் பிலோமின்ராஜ் சொன்னார். "உங்க எலும்புதானேம்மா, உடம்பு ஏத்துக்கும்."

தட்டுவது நின்றது.

"போதும். சிஸ்டர், எலும்புக் கிண்ணத்தப் பத்திரமா வைங்க" என்றார் பிலோமின்ராஜ்.

சற்று நேரத்தில் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மானிட்டர் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்ன டாக்டர் விழுந்துச்சு?"

உதவி டாக்டரின் குரல் தாழ்ந்து கேட்டது: "கழுவிட்டு வச்சுடலாம் சார். அவங்களுக்குத் தெரியவா போவுது."

"எனக்குக் கேக்குது" என்றாள் சௌந்தரவல்லி.

பிலோமின்ராஜ் கையுறைக் கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அவள் முகம் தெரியும் இடத்துக்கு வந்தார்.

"எடுத்த எலும்பு கீழ விழுந்துடுச்சும்மா. மருந்துல கழுவி வைக்கலாம். ஆனா சீழ் பிடிக்கிற ஆபத்து கொஞ்சம் இருக்கு. இல்லன்னா வலது இடுப்புலேருந்து புதுசா எடுக்கணும். ரெண்டு பக்கமும் வலிக்கும்."

"நீங்க எது செய்வீங்க?"

"புதுசாத்தான் எடுப்பேன். ஆனா உங்களக் கேக்காம இன்னொரு இடத்த வெட்ட மாட்டேன்."

யார் கையிலிருந்து விழுந்தது என்று கத்தவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். சீழ் பிடித்தால் இன்னும் எத்தனை மாதம் கிடக்கவேண்டும்?

"எடுங்க" என்றாள்.

தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டர் சோமசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஊசியோட வேகம் இன்னும் முக்கால் மணி நேரந்தான் சார்."

வலது இடுப்பைத் துடைத்து, புதுத் துணி விரித்து, மறுபடி தட்டத் தொடங்கினார்கள். அவள் ஒவ்வொரு தட்டையும் எண்ணினாள். நூற்றுப்பத்துக்கு மேல் எண்ணிக்கை தவறிப்போனது. தட்டுவது நின்று வெகுநேரம் கழித்து, இடது கால் பெருவிரலில் வெதுவெதுப்பு ஏறியது.

"டாக்டர், கால் விரல் தெரியுது."

"எலும்ப வச்சாச்சும்மா. தையல் மட்டுந்தான்."

வெதுவெதுப்பு தொடைக்கு ஏறி, எரிச்சலாகி, இடுப்பில் ஊசி குத்துவது தெளிவாகத் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்தாள். "போதும், தூங்க வச்சுடுறேன்" என்று சோமசேகரன் முகமூடியை வைத்து அழுத்தினார்.

விழித்தபோது இரண்டு இடுப்பிலும் கட்டு. கணவன் சிவக்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒரு நர்ஸ் நின்றாள்.

"நான் ஜெனிட்டா. கிண்ணத்த விட்டது நான்தான் அக்கா. கை வழுக்கிடுச்சு."

சௌந்தரவல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து நிற்கச் சொன்னார்கள். எந்தப் பக்கம் அசைந்தாலும் இடுப்பு இழுத்தது. சிவக்குமார் தொடவே பயந்தான். ஜெனிட்டா குனிந்து தோளைக் கொடுத்தாள்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க அக்கா."

"நீங்க விட்டுடாதீங்க." கோபத்தில் சொன்னோமா, பயத்தில் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் மாத எக்ஸ்ரேயில் இடைவெளி முழுவதும் வெண்மை படர்ந்திருந்தது. "கூடிடுச்சும்மா" என்றார் பிலோமின்ராஜ். அவள் நம்பவில்லை. பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். அதிலும் கூடியிருந்தது.