பெரியாயியின் நடை

தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டும் சேலை கிடைக்கவில்லை. தனலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. அது வீட்டில் எங்கே இருக்கப்போகிறது? கூத்துப் பெட்டியில் கிடக்கும்.

விடியலில் உயிர் போன அம்மாவை தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாமல் பிணத்தை எடுப்பதில்லை. அம்மா பெரியாயியின் பிறந்த வீடோ தமிழ்நாட்டில், துறையூர்ப் பக்கம். தந்தி போனாலும் பாஸ்போர்ட் இல்லாத அவள் அண்ணன் எப்படிக் கடல் தாண்டுவான்? கல்யாணத்துக்கு அவன் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலை ஒன்றுதான் கதி. அதைத்தான் அப்பா அழகையா பதினைந்து வருஷமாகக் கூத்தாடும் பபூன் செட்டில் பொம்பளை வேஷத்துக்குக் கட்டி ஆடினார்.

சேலை மட்டுமா? கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து அம்மாவின் வலது கால் கோணிப்போனது. அந்த நடையையும் மேடையில் நடந்து காட்டுவார். பசறையிலிருந்து பூனாகலை வரை தோட்டம் தோட்டமாகச் சிரித்தார்கள். தனலெட்சுமி ஒருநாளும் சிரித்ததில்லை.

"அந்தச் சேலைய கொண்டாங்கப்பா. இன்னைக்காவது அது அம்மாவுக்கு இருக்கட்டும்."

அழகையா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். செட்டு தங்கியிருந்த ஹாலிஎலைக்குப் பஸ் ஏறிப் போய், மத்தியானம் திரும்பினார். சேலையை மகளிடம் நீட்டினார். இனிமேல் வேஷம் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். திருவிழா வரைக்குமாவது என்று செட்டுக்காரர்கள் கெஞ்சியும் கேட்கவில்லையாம்.

முந்தானையில் அரிதாரம் அப்பியிருந்தது. தனலெட்சுமி ஈரத்துணியால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

உடுத்திவிட வந்த பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"விடு புள்ள. கால இப்புடி இல்ல, அப்புடி இழுக்கணும்னு ஒங்கம்மாதான அவருக்கு நடந்து காட்டுவா. நீ பள்ளிக்கொடம் போயிருப்ப. ரெண்டு பேரும் சிரிக்கிறது என் காம்பராவுக்குக் கேக்கும்."

இந்தப் பத்தடி காம்பராவில் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. கறையோடேயே சேலையை உடுத்தினார்கள்.

பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை. பொழுது சாயும்போது அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்புவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பீலியில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், தேயிலைக்கு நடுவே, அழகையா தனியாக வந்துகொண்டிருந்தார். வலது காலை இழுத்து இழுத்து வந்தார்.

பீலியடியில் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தனலெட்சுமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, நிலைப்படியை விட்டு நகர்ந்து நின்றாள்.