முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை

சுடும் கிளப்பில் பயிற்சி தரும் பியற்றிஸ் அக்கா காற்றுத் துப்பாக்கியின் அடிக்கட்டையை என் மகள் லக்‌ஷிகாவின் முழங்கை மடிப்பில் பொருத்தி, கையை நீட்டச் சொன்னார். சுட்டுவிரலின் நுனி விசையைத் தொட வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தது.

"இது உனக்கு நீளம் குஞ்சு. நீளமானதைத் தூக்கினால் உடம்பு பின்னுக்கு வளையும். குறியும் போகும், முதுகும் போகும்."

நான் கொப்பியில் எழுதினேன்: முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை. சரியாகத்தான் எழுதினேனா என்று மறுபடி வாசித்தேன். பதினைந்து வயதில் என்னிடம் தந்த துவக்கை யாரும் என் கையோடு வைத்து அளக்கவில்லை.

வன்னியில் கடைசிச் சண்டையின்போது இயக்கக்காரர் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துப் போனார்கள். நான்கு மாதம் இயக்கத்தில் இருந்தேன். லண்டனில் தஞ்சம் கேட்டபோது அதிகாரி அதைக் கேட்டார், இல்லை என்றேன். கலியாணப் பேச்சில் யனுஷனின் அம்மா கேட்டபோது என் மாமி எனக்காக இல்லை என்றார். மூன்று மாதத்துக்கு முன்பு குடியுரிமை விண்ணப்பத்தை யனுஷன் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து நிரப்பினார். அந்தக் கேள்வி வந்ததும் என்னைப் பார்க்காமலே, "இது எங்களுக்கு இல்லைத்தானே" என்று 'இல்லை'யை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனார். பதில் இன்னும் வரவில்லை. உண்மை வெளியே வந்தால் விசாவைப் பற்றி முதலில் பயப்படுவதா, யனுஷனின் முகத்தைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

லக்‌ஷிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடக் கோடை விழாவில் சுட்டுப் பார்த்தவள், அன்றிலிருந்து வேறு எதையும் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று யனுஷன் கேட்டதற்கு என்னிடம் சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை. பதினாலு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்பவர் ஆறு புதன்கிழமை மாலை வகுப்புக்கு வர வேண்டும் என்பது இந்தக் கிளப்பின் விதி. பிள்ளைகள் சுடுவது சனிக்கிழமைகளில்; அன்று யனுஷனுக்கு ஷிப்ட். ஆகவே நான்.

கிளப்பைக் கண்டதும் பயந்தேன் என்றால், உள்ளே தமிழ் கேட்டதும் அதைவிடப் பயந்தேன். பியற்றிஸ் அக்கா சுவிஸில் வளர்ந்தவர். அங்கே அவருடைய ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகள் சுடப் போவது வழக்கமாம். கலியாணமாகி லண்டனுக்கு வந்தும் அவர் அதை விடவில்லை. அவர் சொல்லித்தந்த விதிகள்: குழல் எப்போதும் முன்னுக்கு. சுடும்வரை விரல் வெளியில். உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவர் கையில் கொடுப்பது. ஐந்து வாரமும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கொப்பியும் பேனாவும் இருந்தால் இரண்டு கையும் நிறைந்திருக்கும், வேறு எதையும் பிடிக்க வேண்டியதில்லை.

அன்று ஆறாவது வாரம்; துப்பாக்கி தெரிவு செய்வதற்காக யனுஷன் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். போனில் கறுப்பு நிறத்தில், தொலைநோக்கி பூட்டிய ஒன்றைக் காட்டினார்.

"இது எப்பிடி அக்கா? பாக்க வடிவா இருக்கு."

"வடிவு பாக்க இதென்ன பொம்பிளை பாக்கிறதோ தம்பி? மூண்டரைக் கிலோ. இவள் தூக்கமாட்டாள், நீங்கள்தான் தூக்கிக்கொண்டு திரிவியள்."

லக்‌ஷிகா வாயைப் பொத்திச் சிரித்தாள். கடைசியில் யாரோ பாவித்த, கட்டை மரப்பிடி வைத்த சின்னது ஒன்று சரிவந்தது. விரல் நுனி விசையில் பட்டது. "வாங்கிறது உங்கட பேரில. அலுமாரியில பூட்டி வைக்கோணும். திறப்பு எங்க இருக்கெண்டு இவளுக்குத் தெரியப்படாது" என்றார் பியற்றிஸ் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, அம்மா வாங்கோ. அஞ்சு குண்டு."

"எனக்கு ஏலாது அக்கா."

"சுடாட்டி நான் கையெழுத்து வைக்கேலாது. பிள்ளை சனிக்கிழமை வரேலாது."

"இவவை விடுங்கோ அக்கா," என்றார் யனுஷன். "தீபாவளி வெடிக்கே குளியலறைக்குள்ள பூட்டிக்கொண்டு நிக்கிற ஆள்."

லக்‌ஷிகா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொப்பியை வைத்துவிட்டுச் சுடும் மேசையின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். குறித்தாளின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை விட்டுவிட்டு, இடது கீழ் மூலையைப் பார்ப்பது. அப்படியென்றால் தெரியாதவள் சுட்டதுபோல இருக்கும். கன்னத்தை மரத்தில் வைத்தேன். மூச்சு தானாகவே பாதியில் நின்றது. ஐந்து முறை.

எல்லாரும் சுட்டு முடித்து, குறிப் பக்கம் போகும் பாதை திறந்ததும் லக்‌ஷிகா பியற்றிஸ் அக்காவுடன் போய்த் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்டுதான் பட்டிருக்கு. அதுவும் மூலையில" என்றார் யனுஷன். "மற்ற நாலும் எங்க, அடுத்த வீட்டிலயோ?"

"பரவாயில்லை அம்மா," என்றாள் லக்‌ஷிகா. "ஃபர்ஸ்ட் டைம் தானே."

பியற்றிஸ் அக்கா தாளை வாங்கிக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார். ஓட்டையின் ஓரம் ஒரு குண்டு போன வட்டமாக இல்லை; பூ விரிந்ததுபோலக் கிழிந்திருந்தது. தெரியாதவர்களின் குண்டுகள் தாள் முழுக்கச் சிதறும் என்பதை நான் அப்போதுதான் நினைத்தேன். ஐந்தையும் ஒரே இடத்தில் தவறவிட்டிருந்தேன்.

"எந்த இடம் நீங்கள்?"

"கிளிநொச்சி."

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"ரெண்டாயிரத்துப் பத்து அக்கா," என்றார் யனுஷன் எனக்கு முந்தி. "முகாமிலயிருந்து. பாவம், பதினாறு வயசு."

பியற்றிஸ் அக்கா ஓமென்று தலையாட்டினார். படிவத்தை இழுத்து, முன் அனுபவம் என்ற இடத்தில் என்னைக் கேட்காமல் தானே 'இல்லை' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தையும் வைத்தார். பேனாவை என்னிடம் தந்தார். "இஞ்ச வையுங்கோ தங்கச்சி." கையெழுத்து வைத்தேன். என்னைக் காப்பாற்றுகிறாரா, இனிமேல் தனக்குத் தெரியும் என்று சொல்லுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குண்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையும் நீங்கள்தானே வாறியள்?"

"ஓம் அக்கா."

"ஒவ்வொரு கிழமையும்?"

"ஓம்."

யனுஷன் போனை எடுத்தார். "தாளைப் பிடி பிள்ளை, குடும்பக் குறூப்பில போடுவம். அம்மா சுட்ட அழகை எல்லாரும் பாக்கட்டும்."

"பொறுங்கோப்பா," என்றேன். அவர் கேட்கவில்லை. லக்‌ஷிகா தாளை முகத்துக்கு நேரே தூக்கினாள். பிறகு அந்தக் கிழிந்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை மூடிக்கொண்டு, மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினாள்.

"அசையாதேங்கோ அம்மா," என்றாள். தாளின் மூலையில் அவளுடைய கண் கறுப்பாக, இமைக்காமல் நின்றது.